எங்கள் வீட்டு மோட்டார்

எனக்கு வாய் சும்மா இருக்காது. கடைக்கு வருகிற ஆள் பூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள், அவருடைய மாமனாருக்கு உடம்புக்கு என்ன என்பது வரை விசாரித்து முடித்திருப்பேன். பூட்டும் சாவியும் என் தொழில், பேச்சு அதற்கு இலவச இணைப்பு. என் மனைவி இதற்கு நேர் எதிர். கேட்டதற்குத்தான் பதில் வரும், அதுவும் யோசித்து வரும். "நீங்க பேசுறதுல பாதிய எனக்குக் குடுத்திருந்தா ரெண்டு பேருமே உருப்பட்டிருப்போம்" என்பாள். அதைச் சொல்லும்போது சிரிப்பாள். இப்போதெல்லாம் சொல்வதில்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய உரக் கிடங்கு இருக்கிறது. மூடி வருஷக்கணக்காகிறது. கூரை ஒழுகி, மூட்டைகள் நனைந்து, உரமெல்லாம் கரைந்து தரை விரிசல் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிட்டது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அவ்வளவுதான், வேலி வந்தது, எச்சரிக்கைப் பலகை வந்தது. வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் பூமியைத் துளைத்து ஒல்லிக் குழாய்களை இறக்கினார்கள். மாதாமாதம் அந்தக் குழாய்களிலிருந்து தண்ணீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, கிடங்கின் அழுக்கு நிலத்தடியில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பதுதான் என் மனைவியின் வேலை. குழாய் மூடிகளுக்குப் பூட்டு செய்து கொடுத்தவன் நான். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி. இந்த விவகாரத்தில் என் பங்கு அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை துருப்பிடித்த பூட்டை மாற்றப் போனபோது அவள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். குழாய்க்குள் சின்ன பம்ப் ஒன்றை இறக்கினாள். தண்ணீர் வந்தது. அதைப் பிடிக்காமல் வாளிக்குள் விட்டுக்கொண்டே இருந்தாள்.

"தண்ணிதான் வருதே, பிடிச்சுட்டுக் கிளம்ப வேண்டியதுதானே?" என்றேன்.

"இது குழாய்க்குள்ள தேங்கிக் கிடந்த தண்ணி. இதைப் பிடிச்சா பழைய கதைதான் தெரியும். பூமிக்குள்ள இப்ப என்ன இருக்குன்னு தெரியணும்னா, தேங்கினது முதல்ல வெளிய போகணும்."

தண்ணீரின் தன்மையை அளக்கிற மீட்டரில் எண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவை அடங்கி ஒரே இடத்தில் நிற்கும்வரை அவள் அசையவில்லை. பிறகு கையுறையை மாற்றிக்கொண்டு, குப்பியை நிரப்பி, சீட்டு ஒட்டி, ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். சுத்தமான குழாயில் ஆரம்பித்து மோசமான குழாயில்தான் முடிப்பாள். மாற்றிச் செய்தால் ஒன்றின் அழுக்கு இன்னொன்றின் தலையில் விழுந்துவிடுமாம். அந்த ஐஸ் பெட்டியில் ஒருநாள் நான் கூல்டிரிங்ஸ் பாட்டிலை வைத்துவிட்டேன். வாங்கிய திட்டு இந்த ஜென்மத்துக்குப் போதும்.

தெருக்காரர்களுக்கு அவளிடம் கேட்கத் தைரியம் கிடையாது. என்னைத்தான் பிடித்துக்கொள்வார்கள். "அக்கா ஏதாவது சொன்னாங்களா? போர் தண்ணி குடிக்கலாமா, கூடாதா?" அவள் என்னிடமும் எதையும் சொல்ல மாட்டாள், அலுவலக விதி அப்படி. எனக்குத் தெரியாதுங்க என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம். ஆனால் 'தெரியாது' என்பது என் நாக்குக்கு வராத வார்த்தை. மளிகைக் கடை வாசலில் நாலு பேர் கூடியிருந்தபோது சொன்னேன்: "ஏங்க இப்படிப் பயந்து சாகுறீங்க? காலைல எங்க வீட்டு மோட்டார் சத்தம் கேக்குதுல்ல? அது ஓடுற வரைக்கும் நீங்களும் நிம்மதியா குடிங்க. அது நின்னா மட்டும் மூட்டையக் கட்டுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெரிய ஆள் மாதிரி பக்கத்து வெற்றிலைக் கடையில் சில்லறை கூட வாங்காமல் வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அதை மறந்தும் போனேன். வாய் இருக்கிறவனுக்கு இது ஒரு சௌகரியம், சொன்னது எதுவும் அவனுக்கு ஞாபகம் இருக்காது.

பக்கத்து வீட்டில் ஒரு சின்னப் பெண்ணும் அவளுடைய மாமியாரும் இருந்தார்கள். அவள் கணவன் லாரி ஓட்டுகிறான், வந்தால் வந்த நாள்தான். அந்தப் பெண்ணுக்கு என்னை 'அண்ணா' என்று கூப்பிடாமல் ஒரு வாக்கியம் பேசத் தெரியாது. "அண்ணா, அடுப்பு பத்த மாட்டேங்குதுண்ணா." "அண்ணா, பாப்பாவைக் கொஞ்சம் வச்சிருங்கண்ணா, துணி காயப் போட்டுட்டு வந்துடறேண்ணா." நான் கூடப்பிறந்தவர்கள் இல்லாதவன். அந்த 'அண்ணா'வில் கொஞ்சம் மயங்கித்தான் கிடந்தேன்.

குழந்தை பிறந்து சில மாதங்களில் ஒருநாள், மாமியார் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, பதறிக்கொண்டு ஓடி வந்தாள். அலமாரிப் பூட்டுக்குள் சாவி முறிந்துவிட்டது, உடனே திறக்க வேண்டும். அவள் வீட்டுக்குள் குழந்தை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. நகை கிகை இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு திறந்தேன். புடவைகளுக்குப் பின்னால் பால் பவுடர் டப்பாக்கள்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "எனக்குப் பால் பத்தலண்ணா. அத்தைக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். 'நான் பெத்தது எல்லாம் தாய்ப்பால்லயே வளந்துச்சு, டப்பா பால் குடுக்கறவ எல்லாம் ஒரு தாயா'ன்னு தினமும் யாரையாவது சாக்கு வச்சுச் சொல்லிக் காட்டறாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணா. அக்காகிட்ட கூட வேண்டாம்."

"அட போம்மா! திறந்த பெட்டிக்குள்ள பாத்ததை வெளிய சொல்றவன் பூட்டுக் கடை நடத்த முடியுமா?" என்றேன்.

அது வெறும் பேச்சில்லை. ஊர்க்கதை எல்லாம் பேசுகிற வாய்தான் இது. ஆனால் பூட்டைத் திறந்து பார்த்த எதையும் இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. என்னிடம் இருந்த ஒரே யோக்கியதை அது.

அப்புறம் ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்த என் மனைவி, தோள்பையைக் கூட இறக்காமல் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கிடங்குச் சுவரை ஒட்டியிருப்பது எங்கள் வீடும் பக்கத்து வீடும்தான். அதனால் எங்கள் வீட்டு போரிலும் தண்ணீர் எடுத்து அனுப்பியிருந்தாள்.

"இனிமே குடிக்க, சமைக்க எல்லாத்துக்கும் கேன் தண்ணி வாங்கிடுங்க."

"ஏன், என்ன வந்துச்சு?"

"நைட்ரேட் அதிகமா காட்டுது. உரத்துல இருக்கறது. ஒரு முடிவை வச்சு ஊரைக் கூட்ட முடியாது, ரெண்டாவது வரட்டும்னு ஆபீசர் சொல்லிட்டார். மறுபடி எடுத்து அனுப்பிட்டேன். வர்ற வரைக்கும் வெளிய மூச்சு விடக் கூடாது. உங்களைத்தான் சொல்றேன்."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்? சரி, மோட்டார்?"

"வழக்கம்போலப் போடுங்க. போர் ஓடாமக் கிடந்தா அடுத்த தடவை எடுக்கறப்ப சரியா வராது. திடீர்னு நிறுத்தினா தெருவும் கவனிக்கும். தண்ணிய செடிக்கு விட்டுடுங்க."

தோள்பையை இறக்கப் போனவள் நின்றாள். "பெரியவங்களுக்கு உடனே ஒண்ணும் ஆகாது. கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து. பக்கத்து வீட்டுப் பாப்பா தாய்ப்பால்தானே குடிக்குது?"

அலமாரியும் புடவைகளும் டப்பாக்களும் என் கண் முன்னால் வந்தன. சத்தியமாக வந்தன. அந்தப் பெண் 'அக்காகிட்ட கூட வேண்டாம்' என்று சொன்னதும் காதில் கேட்டது. "ஆமா, பின்ன?" என்றேன்.

"அப்பாடா" என்று என் மனைவி பையை இறக்கினாள். முகம் கழுவப் போனாள்.

என்ன கேட்டாள், எதற்குக் கேட்டாள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. பாதி புரிந்தது. மீதிப் பாதியைப் புரிந்துகொண்டால் ஏதாவது செய்தாக வேண்டியிருக்கும், அதனால் அதைத் தொடவில்லை. நாளைக்கு அந்தப் பெண்ணிடமே ஜாடையாகச் சொல்லிவிடலாம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை மோட்டாரைப் போட்டுவிட்டுச் செடிகளுக்கு ஹோஸ் பைப்பைப் பிடித்தபடி மதில் ஓரம் போய் நின்றேன். அவள் அந்தப் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் படியில் உட்கார்ந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, வெயில் காலைலயே இப்படிப் போடுது" என்றேன். இதைச் சொல்லத்தான் போனேனா?

"ஆமாண்ணா. உங்க செடிங்க எல்லாம் எவ்ளோ பச்சையா இருக்குண்ணா! ரோஜா இலையெல்லாம் கருகருன்னு வந்திருக்கு. நல்ல தண்ணிண்ணா நமக்கு."

மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனதும் மதில் மேல் குனிந்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாப்பாவுக்குப் பால் கலக்கற தண்ணி... பாத்துக் குடும்மா" என்றேன்.

அவளும் குரலைத் தாழ்த்தினாள். "அதெல்லாம் நல்லா கொதிக்க வச்சுதாண்ணா குடுக்கறேன். தளதளன்னு கொதிச்சுப் பாதியா சுண்டற வரைக்கும் இறக்கவே மாட்டேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொதிக்க வைத்துவிட்டால் அப்புறம் எது பிழைக்கும்? கிருமியே செத்துப்போகிறது, இந்த நைட்ரேட் என்ன பிரமாதம்? யார் ரகசியத்தையும் உடைக்காமல் காரியத்தை முடித்துவிட்டோம் என்று எனக்கே என்மேல் ஒரு மெச்சுதல். கடைக்குப் போகிற வழியெல்லாம் விசில் அடித்துக்கொண்டு போனேன். இதை எழுதும்போது அந்த விசில்தான் முதலில் காதில் விழுகிறது.

நாட்கள் போயின. வாசலில் கேன் தண்ணீர் வந்து இறங்கும். யாராவது பார்த்தால், "மனைவிக்குத் தொண்டை கட்டிக்கிச்சு" என்று ஒரு பொய் கையில் தயாராக வைத்திருந்தேன். மோட்டார் தவறாமல் ஓடியது. ரோஜா பூத்துத் தள்ளியது. ரெண்டாவது முடிவு வரவில்லை.

ஒரு நாள் காலை மோட்டாரை அணைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "அண்ணா! அண்ணா!" என்று அலறிக்கொண்டு அவள் குழந்தையோடு ஓடி வந்தாள். பின்னாலேயே மாமியார். குழந்தை அழவில்லை. உதடும் நகமும் நீலம் பாரித்து, முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. எப்படியோ மூவரையும் என் கடை வண்டியில் ஏற்றினேன். பின்னால் சாவிக் கொத்துகள் குலுங்க, ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். ஒரு கையால் மனைவிக்குப் போன் போட்டேன்.

"பாப்பாவுக்கு உதடெல்லாம் நீலமா..." என்று ஆரம்பித்ததுமே, "எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் அவளும் வந்துவிட்டாள். குழாய்க்குள் பம்ப்பை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறாள், கையுறையைக் கூடக் கழற்றவில்லை. டாக்டர் குழந்தையின் ரத்தத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பாக இல்லை, பழுப்பாக இருந்தது. என் மனைவி நேராக அவரிடம் போய், "நைட்ரேட்டா இருக்கும் டாக்டர். அவங்க வீட்டுக்குப் பக்கத்து போர்ல அதிகமா வந்திருக்கு. நான்தான் எடுத்தேன்" என்றாள். வெளியே மூச்சு விடக் கூடாது என்றவள், அலுவலகத்தைப் பற்றி ஒரு நொடி யோசிக்கவில்லை.

டாக்டர் தலையசைத்தார். "ரத்தத்தால ஆக்சிஜனைச் சுமக்க முடியல. இதுக்கு மருந்து இருக்கு, ஏத்திடலாம். குழந்தைக்கு என்ன குடுக்கறீங்க?"

"தாய்ப்பால்தான்" என்றாள் மாமியார், முந்திக்கொண்டு.

அந்தப் பெண் சுவரைப் பார்த்தாள். "பவுடர் பால் டாக்டர்."

"எந்தத் தண்ணில?"

"எங்க போர் தண்ணில. நல்லா கொதிக்க வச்சுதான் டாக்டர்..."

"கொதிக்க வச்சா தண்ணிதாம்மா ஆவியாகும், அது போகாது. மிச்சமிருக்கற தண்ணில இன்னும் கெட்டியாகும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "தாய்ப்பால்னு சொன்னீங்களே?"

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அது கேட்டுக்கிச்சு... உங்கிட்ட கூட..."

"நான் எதுக்குக் கேட்டேன்னு உங்களுக்குத் தெரியும்."

ஆமாம், தெரியும். தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, சற்றுத் தள்ளியிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். "நானே போய்க் கேட்டிருக்கணும். ரெண்டடி தூரம்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை.

அதற்குள் மாமியார் ஆரம்பித்துவிட்டாள். வராந்தா முழுக்கக் கேட்டது. "திருட்டுத்தனமா டப்பா பாலா குடுத்த? நீயெல்லாம் ஒரு தாயா? உன் கையாலயே விஷத்தைக் கலக்கிக் குடுத்திருக்கியேடி! என் புள்ள வரட்டும், உன்னை அந்த வாசப்படி ஏற விட்டா என்னை என்னன்னு கேளு!" எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். தான்தான் செய்தோம் என்று அவளும் நம்பிவிட்டாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

நான் பேசாமல் இருந்திருந்தால் பழி முழுக்க அவள் தலையிலேயே இறங்கியிருக்கும். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள், வண்டியில் கொண்டுவந்து சேர்த்த புண்ணியவான் என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பேச வாய் வரவில்லை.

"அம்மா, அதைத் திட்டாதீங்க" என்றேன் எப்படியோ. "தண்ணி சரியில்லைன்னு எனக்குத் தெரியும்."

மாமியார் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அந்தப் பெண் தலையை நிமிர்த்தினாள். நான் சொன்னது அவளுக்குப் புரியவே இல்லை.

"இல்லண்ணா, உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களும் அதே தண்ணிதானே? தினமும் உங்க மோட்டார் ஓடுற சத்தம் கேட்ட பிறகுதாண்ணா நானும் போடுவேன். கடை வாசல்ல நீங்க சொன்னீங்களாமே, அது ஓடுற வரைக்கும் கவலையில்லைன்னு. அத்தைதான் வந்து சொன்னாங்க. இன்னிக்குக் காலைல கூட ஓடுச்சே, நான் கேட்டேனே."

மளிகைக் கடை வாசலும் சிரிப்பும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தன. அந்தத் தரை அப்படியே பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் கும்பிட்டுவிட்டு இறங்கியிருப்பேன். கூனிக் குறுகி நின்றேன். தூரத்து பெஞ்சிலிருந்து என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கதை அவளுக்கே புதுசு.

"மோட்டார் சும்மாதாம்மா ஓடுச்சு" என்றேன். "நாங்க அதைக் குடிக்கல. கேன் தண்ணி வாங்கிக்கிட்டோம்."

கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் தேவலை. அவள் மெதுவாக, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப அந்தத் தண்ணிய என்ன பண்ணீங்கண்ணா?"

"செடிக்கு விட்டேம்மா."

"செடிக்கு" என்றாள். பிறகு திரும்பி, குழந்தை இருந்த அறையின் கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே விரல் நுனி அளவு ஊசி வழியாக நீல நிற மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மாமியார் அதற்குப் பிறகு மருமகளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னையும் சொல்லவில்லை. போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

குழந்தை பிழைத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் உதடு சிவந்து, பசித்து அழுததாம். அந்த அழுகையைக் கேட்க நான் அங்கே இல்லை, இருக்க எனக்கு முகமில்லை. ரெண்டாவது முடிவும் வந்தது, முதலாவதை விட மோசம். இப்போது தெரு முழுக்கத் தண்ணீர் லாரி வருகிறது. என் மனைவியிடம் அலுவலகத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். முன்னாலேயே சொல்லாததற்கா, டாக்டரிடம் சொன்னதற்கா என்று கேட்டேன். "ரெண்டுக்கும்" என்றாள். அவள் சாப்பாடு போடுகிறாள், சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறாள். எதையாவது என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதை மட்டும் விட்டுவிட்டாள்.

வீடு வீடாகப் போய் நானே சொன்னேன், மோட்டாரை நம்பாதீர்கள், நான் அன்று விளையாட்டுக்குச் சொன்னேன் என்று. ஒருவரும் திட்டவில்லை. "ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

இன்று காலை மதில் ஓரம் நின்று ரோஜாச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பார்க்கச் சகிக்காத பச்சை. வேர் ஆழமாகப் போயிருந்தது. அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மதிலருகே வந்தாள். குழந்தை என்னைப் பார்த்துக் கையை நீட்டியது, அதற்கு என்ன தெரியும்? அவள் மரியாதையாகத்தான் கேட்டாள், குரலில் கோபம் துளியும் இல்லை.

"இன்னிக்குத் தண்ணி லாரி எத்தனை மணிக்கு வரும்னு கேட்டுச் சொல்றீங்களா, சார்?"